பின்சீட் வேண்டாம், பெட் போதும்: அப்படி ஒரு சின்ன பிக்கப் ஏன் கிடைப்பதில்லை?

வாசகர் கேள்வி: டெக்சஸில் சான் அன்டோனியோவுக்கு வெளியே ஐந்து ஏக்கரில் காய்கறி போடுகிறேன். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வண்டியில் போவது நான் மட்டும்தான், எப்போதாவது மனைவி கூட வருவார். உரமூட்டை, வேலிக் கம்பி, சனிக்கிழமை சந்தைக்குக் காய்க்கூடை, இவ்வளவுதான் சுமை. ஃபோர்டு மேவரிக் மாதிரி ஒரு சின்ன பிக்கப், ஆனால் இரண்டே கதவு, 6 அடி பெட் (பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி) என்று கேட்டால் எல்லா டீலரும் கையை விரிக்கிறார்கள். ஊரில் குட்டி யானையும் பொலேரோ பிக்கப்பும் இரண்டு கதவோடுதானே ஓடுகின்றன? இங்கே மட்டும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்? அரசாங்க விதியா, கம்பெனிகளின் பேராசையா? நான் என்னதான் வாங்குவது?

பதில்:

வணக்கம். நான் டெட்ராய்ட் பக்கம் வண்டிகளின் பாடியை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி எனக்கு ஆபீஸிலும் வரும், கல்யாண வீட்டிலும் வரும். நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவு பிக்கப்பைத் தடுக்கிற சட்டம் எதுவும் அமெரிக்காவில் கிடையாது. பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. உங்களைப் போல ஆசைப்படுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு கதவு கிடைக்கவில்லை என்றால் முணுமுணுத்துக்கொண்டே நாலு கதவை வாங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் கையில் இருக்கும் பழைய வண்டியையே இன்னும் சில வருஷம் ஓட்டுகிறார்கள். கம்பெனியின் கணக்கில் இந்த இரண்டு பேருமே புதிதாக ஒரு பாடி செய்த செலவைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இல்லை. மற்ற காரணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டு கதவும் ஒரு சீட்டும் குறைந்தால் விலை நாலாயிரம், ஐயாயிரம் டாலராவது குறைய வேண்டும் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் ஒரு வண்டியின் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன், டாஷ்போர்டு, திரை, கேமரா, முன் ஏர்பேக், அவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்கள். இதில் ஒன்றுகூடக் குறையப் போவதில்லை. போவது இரண்டு கதவு, நாலைந்து கண்ணாடி, ஒரு சீட், சில பெல்ட். பதிலுக்கு என்னென்ன புதிதாகச் செய்ய வேண்டும்? கூரை, பக்கவாட்டுத் தகடு, பின்தளம், கேபினின் பின்சுவர், உள்கூரைத் துணி, கர்ட்டன் ஏர்பேக், வயரிங், அப்புறம் நீளமான பெட்டும் அதன் வெளித்தகடுகளும். ஒவ்வொரு தகட்டுக்கும் பிரஸ்ஸில் அடிக்க டை என்ற அச்சு வேண்டும், ஒரு தகட்டுக்கு ஒரு டை போதாது, நாலைந்து படியாக அடிப்பார்கள், பிறகு எல்லாவற்றையும் பிடித்து வெல்டிங் செய்ய ஃபிக்சர் வேண்டும், ரோபோவுக்குப் புது புரோகிராம் வேண்டும். இத்தனையும் முடித்த பிறகு பக்கவாட்டில் மோதவிட்டு, பின்னால் மோதவிட்டு, கூரையை அழுத்தி எல்லாச் சோதனையையும் அந்தப் பாடிக்குத் தனியாகச் செய்ய வேண்டும். பல கோடி டாலர் போகும் வேலை, அதுவும் முதல் வண்டி விற்பதற்கு முன்பே.

மேவரிக்கில் இது இன்னும் கஷ்டம். பழைய காலத்துப் பிக்கப்பும் இன்றைய ஃபோர்டு எஃப்-150-யும் ஃபிரேம் மேல் உட்கார்ந்த வண்டிகள், அதாவது கீழே ஏணி மாதிரி ஒரு சட்டகம், அதன் மேல் ரப்பர் மவுண்ட் வைத்து கேபின் தனி, பெட் தனி. கேபினைச் சின்னதாக்கி பெட்டை நீளமாக்கினாலும் சுமை தாங்குவது ஃபிரேம்தான் என்பதால் சமாளிக்கலாம். மேவரிக்குக்கும் ஹூண்டாய் சான்டா குரூஸுக்கும் அப்படி ஃபிரேம் கிடையாது. மேவரிக் பிறந்தது ஃபோர்டு எஸ்கேப், பிராங்கோ ஸ்போர்ட் ஆகிய வண்டிகளின் அதே தளத்தில், சான்டா குரூஸ் வந்தது டூசானிலிருந்து. கூரை, தூண், தளம், பெட்டின் பக்கச்சுவர் எல்லாம் ஒரே கூடாக வெல்டு செய்யப்பட்டு, மோதலின் விசை அந்தக் கூடு முழுக்க ஓடிப் பிரிகிறது. நடுவில் ஓர் இடத்தை வெட்டி முன்னே நகர்த்தினால் விசை போகும் பாதையே மாறிவிடும், கிட்டத்தட்ட முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, மேவரிக் ஹைப்ரிட்டின் பேட்டரி இருப்பது பின்சீட்டுக்கு அடியில். பின்சீட்டை எடுத்துவிட்டால் அதை எங்கே வைப்பது? பெட்டின் அடியிலா, ஸ்பேர் டயர் பக்கமா, பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்தால் அது தாங்குமா? வெளியிலிருந்து பார்க்க "சீட்டைக் கழற்றிவிட்டால் போதுமே" என்று தோன்றுவது உள்ளே வந்தால் இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக நீளும்.

சரி, செலவு இருக்கட்டும், விற்றால் திரும்பி வராதா? மேவரிக் 2024-இல் அமெரிக்காவில் 1,30,000-க்கு மேல் விற்றது. ஒரு பேச்சுக்கு, இரண்டு கதவு இருந்திருந்தால் பத்தில் ஒருவர் அதை எடுத்திருப்பார் என்று வையுங்கள், 13,000 வண்டி. ஆனால் அந்த 13,000 பேரில் முக்கால்வாசிப் பேர் எப்படியும் நாலு கதவு மேவரிக் வாங்கியிருப்பவர்கள்தான் என்பது என் ஊகம். கம்பெனிக்குப் புதிதாகக் கிடைத்தது மூவாயிரம் சொச்சம் வாடிக்கையாளர், மிச்சப் பத்தாயிரம் பேர் அதே கடையில் விலை குறைந்த பொருளுக்கு மாறிக்கொண்டவர்கள். அதுவும் எந்த வண்டியில்? மெக்சிகோவில் எர்மொசிய்யோ தொழிற்சாலையில் செய்த மேவரிக் வண்டிகள் போதாமல், 2022 ஜனவரியில் அந்த மாடலுக்கு ஆர்டர் வாங்குவதையே நிறுத்த வேண்டி வந்ததே, அந்த வண்டியில். லைனில் நகரும் ஒவ்வோர் இடத்திலும் அதிக லாபம் தரும் வண்டியை வைக்க முடியும்போது குறைந்த லாபம் தரும் வண்டியை வை என்று எந்த மேலாளரிடமும் போய்ச் சொல்ல முடியாது. நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் வைக்க மாட்டேன், வருத்தத்தோடுதான் என்றாலும்.

எஃப்-150-யில் மட்டும் இரண்டு கதவு எப்படி இன்னும் இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த எஃப் வரிசை வருஷத்துக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் விற்கிறது. அதில் சின்னப் பங்கு என்றாலும் எண்ணிக்கை பெரிசு, வாங்குவது மின்வாரியம், மாநகராட்சி, கட்டட காண்டிராக்டர் என்று மொத்தமாக எடுக்கும் ஆட்கள், அதோடு ஃபிரேம் மேல் உட்கார்ந்த வண்டி. இத்தனை பெரிய விற்பனை இருந்தும் எல்லோரும் தொடரவில்லை. ராம் 1500, 2019 மாடலில் புதுத் தலைமுறைக்கு வந்தபோது இரண்டு கதவு கேபினை விட்டுவிட்டது, பழைய பாடியை மட்டும் கிளாசிக் என்ற பெயரில் சில வருஷம் ஓட்டினார்கள்.

சின்ன பிக்கப் என்றாலே இரண்டு கதவு என்று இருந்த காலமும் உண்டு. 1970-களில் டாட்சன், டொயோட்டா, மாஸ்டா எல்லாம் அப்படித்தான் வந்தன, 1982 வாக்கில் வந்த ஷெவர்லே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர் இரண்டும் அப்படித்தான் தொடங்கின. மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1977-இல் டாட்சன் கிங் கேப் என்று சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டுப் பார்த்தது, ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. குடை, பை, கருவிப் பெட்டி எல்லாம் மழையில் நனையாமல் வைக்க ஓர் இடம், யாருக்குத்தான் பிடிக்காது? எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். அந்த இடத்தில் மடக்குச் சீட் வந்தது, பிறகு அதற்குப் போக குட்டிக் கதவு வந்தது, 2000 மாடல் நிசான் ஃபிரான்டியரில் நாலு முழுக் கதவு வந்தது, அடுத்த வருஷமே எஸ்-10-இலும் வந்தது. அப்புறம் வரிசையாக மூடுவிழா. ரேஞ்சர் 2011 டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் தொழிற்சாலையோடு முடிந்தது, ஷெவர்லே கொலராடோவின் ரெகுலர் கேப், அதாவது இரண்டு கதவு கேபின், 2012 மாடலோடு, டொயோட்டா டகோமாவின் ரெகுலர் கேப் 2014 மாடலோடு. ரேஞ்சர் 2019 மாடலாகத் திரும்பி வந்தபோது ரெகுலர் கேப் இல்லை, 2024-இல் பாதிக் கதவு சூப்பர் கேபும் போய் நாலு கதவு மட்டும் நிற்கிறது. 2023 கொலராடோவும் அதே கதை. ஹோண்டா ரிட்ஜ்லைன், ஜீப் கிளாடியேட்டர் இரண்டும் இங்கே நாலு கதவு தவிர வேறு எதையும் விற்றதே இல்லை.

இதற்கிடையில் வாங்குகிறவரும் மாறினார். அன்றைக்கு வீட்டில் ஒரு கார் இருக்கும், அதற்கு மேல் வேலைக்கென்று ஒரு மலிவான பிக்கப். இன்றைக்கு 30,000 டாலர் கொடுத்து ஆறேழு வருஷத் தவணையில் ஒரு வண்டி எடுக்கிறவர், அந்த ஒரே வண்டி பிள்ளையைப் பள்ளிக்கும் கூட்டிப்போக வேண்டும், மரப்பலகையும் ஏற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் வைக்கவே கூடாது, அதனால்தான் பழைய ரெகுலர் கேப்களில் பயணி பக்க ஏர்பேக்கை அணைக்க சாவி ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டு கதவு வண்டி அந்த இடத்திலேயே கழிந்துபோகிறது. டீலர் இதை நன்றாக அறிவார். இங்கே டீலர்தான் கம்பெனியிடமிருந்து வண்டியை முன்கூட்டி வாங்கி, வட்டி கட்டி, லாட்டில், அதாவது தன் விற்பனைத் திடலில், நிறுத்துகிறார், பெரும்பாலான ஜனங்கள் நிற்கிற வண்டியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இரண்டு கதவு வண்டி நாலு மாசம் அசையாமல் நின்றால் நஷ்டம் அவருக்கு, எனவே அவர் ஆர்டர் போடுவதில்லை. டீலர்களின் ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கம்பெனியும் தேவை இல்லை என்று முடிவு கட்டுகிறது. இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு, லாட்டில் இல்லாத வண்டியை யாரும் கேட்கவில்லை என்று கணக்கு எழுதுவது சரியான அளவுகோல் இல்லை. ஆனால் இன்றுவரை அளப்பது அப்படித்தான்.

பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி, உதிரிபாகக் கடை மாதிரியான ஆட்கள் பழைய ரேஞ்சரை மொத்தமாக வாங்குவார்கள். அவர்களில் பலர் பூட்டு போட வசதியான சின்ன வேனுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சின்ன வேன்களும், ஃபோர்டு டிரான்சிட் கனெக்ட் உட்பட, இப்போது இங்கே நின்றுவிட்டன என்பது வேறு விஷயம்.

விதிகளுக்கு வருகிறேன், நீங்கள் நேராகக் கேட்டதால். இரண்டு விதிகளைப் பற்றி நண்பர்கள் ஓயாமல் பேசுவார்கள். முதலாவது கோழி வரி. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின, பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, அப்புறம் சரக்கு வண்டி ஆகியவற்றுக்கு 25 சதவீத வரி போட்டார். சரக்கு வண்டி மேல் போட்ட வரி அறுபது வருஷம் தாண்டியும் நீக்கப்படவில்லை. தாய்லாந்தில் செய்யும் ஒற்றைக் கேபின் பிக்கப்கள், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் எல்லாம் இங்கே வராததற்கு இது பெரிய காரணம், அங்கே விற்று லாபம் பார்க்கும் பாடியைக் கப்பலில் ஏற்றி இங்கேயும் கொஞ்சம் விற்கலாம் என்ற வழியை அது அடைத்துவிட்டது. இந்த வரியில் பின்சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? டிரான்சிட் கனெக்ட் வேனைப் பின்சீட்டோடு பயணிகள் வண்டி என்று குறைந்த வரியில் இறக்கி, துறைமுகத்தைத் தாண்டியதும் சீட்டைக் கழற்றி சரக்கு வேனாக விற்றார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2024-இல் ஃபோர்டு 36.5 கோடி டாலர் கட்டி முடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மேவரிக் மெக்சிகோவில் தயாராகிறது, வட அமெரிக்க ஒப்பந்தப்படி கோழி வரி அதற்கு இல்லை. ஆகவே மேவரிக்குக்கு இரண்டு கதவு ஏன் இல்லை என்பதற்குக் கோழி வரி பதில் ஆகாது.

இரண்டாவது எரிபொருள் விதி. முன் பின் சக்கரங்களின் இடைவெளியை இடது வலது சக்கரங்களின் இடைவெளியால் பெருக்கினால் வரும் பரப்பை வைத்துத்தான் ஒரு வண்டி ஒரு காலன் எரிபொருளுக்கு எத்தனை மைல் தர வேண்டும் என்று நிர்ணயிக்கிறார்கள். பரப்பு பெரிசானால் இலக்கு எளிது, சிறிசானால் கடினம். சின்ன டிரக் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் பருத்ததற்கு இந்த விதி ஒரு காரணம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், அது மோசமான விளைவு என்றும் நினைக்கிறேன். ஆனால் கதவு எண்ணிக்கைக்கு இதைக் குற்றம் சொல்ல முடியாது. சக்கர இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு பின்சீட் இடத்தைப் பெட்டுக்குக் கொடுத்துவிட்டால் பரப்பு மாறாது, இலக்கும் மாறாது. டொயோட்டா அதைத்தான் செய்திருக்கிறது, 2024-இல் வந்த டகோமா எக்ஸ்ட்ரா கேபுக்கு இரண்டே கதவு, பின்சீட் கிடையாது, 6 அடி பெட், சக்கர இடைவெளி 5 அடி பெட் உள்ள நாலு கதவு டகோமாவின் அதே 131.9 அங்குலம். அப்புறம், 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த விதியை மீறுவதற்கான அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டது. ஒரு புது வண்டி வர நாலைந்து வருஷம் பிடிக்கும் என்பதால் அதன் பலனை இப்போதே அளக்க முடியாது, ஆனால் அந்தச் சட்டம் வந்த அடுத்த மாதமே ஃபோர்டு அறிவித்த புது மின்சாரப் பிக்கப், சுமார் 30,000 டாலரில் 2027-இல் லூயிவில் தொழிற்சாலையிலிருந்து வரப்போவது, அதுவும் நாலு கதவுதான்.

குட்டி யானையைப் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊரில் டாடா ஏஸும் பொலேரோ பிக்கப்பும் சரக்கு வண்டியாகப் பதிவாகி, சம்பாதித்துத் தவணை கட்டும் வண்டிகள். வாங்குகிறவர் பார்ப்பது எத்தனை கிலோ ஏறும், ஒரு நடைக்கு எவ்வளவு வாடகை என்பதை. அங்கே பின்சீட் வைத்தால் அந்த இடத்தில் ஏற வேண்டிய சரக்கு நஷ்டம். ஏற்கெனவே அந்த ஒரே பாடியில் வண்டிகள் லட்சக்கணக்கில் போவதால் டை செலவும் பெரிசாகத் தெரியாது, நாலு கதவு மாடல்தான் அங்கே கூடுதல் வகை. தாய்லாந்திலும் அப்படி, ஒற்றைக் கேபினுக்கு வரியும் குறைவு, அதனால்தான் 2023 நவம்பரில் டொயோட்டா ஹைலக்ஸ் சாம்ப் என்று இரண்டு கதவு வண்டியை 4,59,000 பாட் விலையில் தொடங்க முடிந்தது. பிரேசிலில் ஃபியட் ஸ்ட்ராடா இருக்கிறது, மேவரிக் மாதிரியே ஃபிரேம் இல்லாத சின்ன பிக்கப், இரண்டு கதவிலும் கிடைக்கிறது, நாட்டிலேயே அதிகம் விற்கும் வண்டி என்ற பெயரையும் வாங்கியிருக்கிறது. ஆக, தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே அதை வேலைக்காக வாங்க ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, இங்கே அந்தக் கூட்டம் எஃப்-150-க்கும் வேனுக்கும் பழைய வண்டிக்கும் சிதறிப்போய்விட்டது.

இப்போது உங்களுக்கு என்ன வழி என்று பார்ப்போம். உங்கள் சுமை, நீங்கள் தனியாகப் போவது, டெக்சஸ் ரோடு இதையெல்லாம் வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட வடிவத்துக்கு மிக நெருக்கமாகப் புதிதாகக் கிடைப்பது டகோமா எக்ஸ்ட்ரா கேப்தான். சீட்டுக்குப் பின்னால் பூட்டி வைக்க இடம் உண்டு. விலை வித்தியாசத்தைப் பாருங்கள், அடிப்படை மாடலில் நாலு கதவை விட 2,000 டாலர் சொச்சம்தான் குறைவு, மேலே நான் சொன்ன கணக்கு இதிலேயே தெரியும். ஆனால் அது மேவரிக் அளவு இல்லை, நல்ல உயரம், பக்கவாட்டில் கூடையைத் தூக்கி வைக்கத் தோள் வலிக்கும். நிசான் ஃபிரான்டியர் கிங் கேபும் 6 அடி பெட்டோடு வருகிறது, பின்னால் பாதிக் கதவு இரண்டு உண்டு, அதைக் கதவாக எண்ணாமல் பொருள் வைக்க வசதி என்று எடுத்துக்கொண்டால் நல்ல வண்டி.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ரெகுலர் கேப், ஆறரை அடி பெட் உள்ள எஃப்-150-யின் நீளம் சுமார் 209 அங்குலம். டகோமா எக்ஸ்ட்ரா கேப் 213 அங்குலம், மேவரிக் கிட்டத்தட்ட 200. பெரிய வண்டி என்று நீங்கள் ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த டிரக், நீளத்தில் டகோமாவை விடச் சின்னது, மேவரிக்கை விட முக்கால் அடிதான் கூட. அகலம் அதிகம், மைலேஜில் மேவரிக் ஹைப்ரிட்டுக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் உங்கள் நிலத்தில் அகலம் ஒரு பிரச்சினை இல்லையே. ஒரு தடவை போய் ஓட்டிப் பாருங்கள்.

மைலேஜ்தான் முக்கியம் என்றால் மேவரிக் ஹைப்ரிட்டையே வாங்கி, சந்தை நாளுக்கு ஒரு சின்ன டிரெய்லர் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட் நாலரை அடி என்பது உண்மை, ஆனால் டெயில்கேட்டை, அதாவது பெட்டின் பின்கதவை, பாதி இறக்கி நிறுத்தினால் 4 அடிக்கு 8 அடிப் பலகை சக்கர மேடுகளின் மேல் சமமாகப் படுக்கும். 1,500 பவுண்டு ஏற்றலாம், டோயிங் பேக்கேஜ் இல்லாமலே 2,000 பவுண்டு இழுக்கும். பின்சீட்டை மடக்கி உரமூட்டையை மழை படாமல் வைக்கலாம், அந்தச் சீட்டுக்கும் ஒரு வேலை கிடைத்ததாக இருக்கட்டும். என்னைக் கேட்டால், உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனி ஸ்லேட். 2025 ஏப்ரலில் அறிமுகமான மின்சாரப் பிக்கப், இரண்டு கதவு, இரண்டு சீட், 5 அடி பெட், அடிப்படைப் பேட்டரியில் சுமார் 150 மைல் ஓடும் என்கிறார்கள், இந்தியானாவின் வார்சா ஊரில் செய்யப் போகிறார்கள். இது எப்படி அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்று பார்த்தால் என் கதை முழுக்க அதில் இருக்கிறது. வெளித்தகடு இரும்பு இல்லை, பிளாஸ்டிக் வகை, எனவே பெரிய பிரஸ்ஸும் டையும் வேண்டாம், நிறமும் ஒன்றே ஒன்று என்பதால் பெயின்ட் கூடம் வேண்டாம், திரை கிடையாது, ஜன்னலைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், பின்சீட் வேண்டுமென்றால் அதே பாடியில் கிட் வாங்கி மாட்டி எஸ்.யூ.வி ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பாடியைச் செய்து எல்லோருக்கும் அதையே விற்கிறார்கள். அது ஓடினால் இந்தத் துறையில் பலருடைய கணக்கு மாறும், எனக்கு அது ஜெயிக்க வேண்டும் என்று மனசார ஆசை. ஆனால் அரசாங்க மானியத்தையும் சேர்த்து 20,000 டாலருக்குள் என்று முதலில் சொன்ன விலை, 2025 செப்டம்பரோடு மானியம் நின்றதும் அங்கே நிற்கவில்லை. புதுக் கம்பெனி, முதல் வண்டி, சர்வீஸ் எப்படி என்று யாருக்கும் தெரியாது. 50 டாலர் முன்பதிவு திரும்பக் கிடைக்கும், போட்டு வையுங்கள், அதை நம்பி இப்போது ஓடும் வண்டியை விற்றுவிடாதீர்கள்.

பழைய வண்டி என்றால் 2011 வரையிலான ரேஞ்சரும் 2014 வரையிலான டகோமா ரெகுலர் கேபும்தான் எல்லோரும் தேடுவது, அதனாலேயே விலை கொதிக்கிறது. ரேஞ்சர் வாங்குவதாக இருந்தால் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். 2004 முதல் 2011 வரை வந்த ரேஞ்சர்கள் டகாட்டா கம்பெனி ஏர்பேக் பழுதுக்கான ரீகாலில் (சரிசெய்யத் திரும்ப அழைத்த பட்டியலில்) இருப்பவை, 2006 வண்டிகள் சிலவற்றை ஓட்டவே வேண்டாம் என்று 2018-இல் ஃபோர்டே எச்சரித்தது, ஏர்பேக் வெடித்து உயிர் போயிருக்கிறது. மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ-வின் தளத்தில் வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண்) போட்டால் மாற்றியாகிவிட்டதா இல்லையா என்று உடனே காட்டும், ரிப்பேர் இலவசம். விற்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். பழைய டகோமாவில் ஃபிரேம் துருவைப் பார்க்க வேண்டும், அடியில் படுத்து டார்ச் அடித்து, சுத்தியால் தட்டிப் பாருங்கள். வடக்கே பனிக்கு உப்புக் கொட்டும் மாநிலத்தில் ஓடி டெக்சஸுக்கு வந்த வண்டியா என்று பதிவு வரலாற்றில் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஜப்பானிய கே டிரக். 660 சிசி, இரண்டு கதவு, பக்கச்சுவர் மூன்று பக்கமும் இறங்கும் பெட், உங்கள் தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். 25 வருஷம் தாண்டிய வண்டியை இறக்குமதி செய்யலாம், கோழி வரி இதற்கும் உண்டு. டெக்சஸில் பதிவு செய்ய முன்பு தகராறு இருந்தது, 2024-இல் அனுமதித்துவிட்டார்கள். 350 கிலோதான் ஏற்றலாம், ஸ்டியரிங் வலது பக்கம், நம் ஊரில் ஓட்டியவருக்கு அது பழகியதுதான். ஆனால் முன்னால் எஞ்சினும் இல்லை, பானெட்டும் இல்லை, மோதினால் உங்கள் முட்டிதான் முதலில். நிலத்துக்குள்ளும் பக்கத்து ஊர்ச் சாலையிலும் ஓட்டுங்கள், ஐ-35, ஐ-10 பக்கம் தயவுசெய்து கொண்டுபோக வேண்டாம். உங்கள் சந்தை அந்தப் பெருஞ்சாலைகளைத் தொடாமல் போகிற தூரத்தில் இருக்கிறதா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை, அதை எழுதினால் கே டிரக்கா மேவரிக்கா என்று உறுதியாகச் சொல்கிறேன்.